குடிக்கூலிக்கு ஆடிய அணி

அவையோருக்கு வணக்கம்.

2015 ஜூன் 5, வெள்ளிக்கிழமை இரவு. கனடாவின் எட்மண்டன் நகரில் ரெக்ஸால் பிளேஸ் அரங்கம். டொரண்டோ ராக் அணியை 11-10 என்று வென்று, எட்மண்டன் ரஷ் அணி தேசிய லக்ராஸ் லீக்கின் கோப்பையைத் தூக்குகிறது. பத்து பருவங்கள் காத்திருந்து கிடைத்த முதல் பட்டம். ஒன்றரை மாதம் போனது. ஜூலையில் அறிவிப்பு வந்தது: அணி கனடாவின் இன்னொரு நகரமான சாஸ்கட்டூனுக்குப் போகிறது. தோற்றுத் தோற்று ஊரைவிட்டுப் போன அணிகள் எல்லா ஆட்டத்திலும் உண்டு. வாசலில் கட்டிய வாழைமரம் வாடுவதற்குள் வீட்டைக் காலி செய்த அணிகள் மிக அரிது; அதில் இது ஒன்று.

லக்ராஸ் என்றால் என்ன என்று முன்வரிசைப் பெரியவரின் முகம் கேட்கிறது. சொல்கிறேன் ஐயா. நுனியில் வலை கட்டிய குச்சி. அதில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, வீசி, எதிரியின் கோலுக்குள் போட வேண்டும். வட அமெரிக்காவின் பூர்வகுடிகளான ஹோடினோஷோனி மக்கள் திறந்தவெளியில் ஆடிவந்த ஆட்டம் இது. படைத்தவன் மகிழ ஆடுவார்கள், நோயாளி குணமாக ஆடுவார்கள்.

அது கூரைக்குள் நுழைந்த கதையில்தான் நம் விஷயமே இருக்கிறது. 1931-இல் மாண்ட்ரியல் பனி ஹாக்கி அணியின் உரிமையாளர்களுக்கு ஒரு கவலை. குளிர்காலம் முழுக்க நிரம்பும் அரங்கம், கோடையில் ஈயாடுகிறது. காலி அரங்கில் எதை ஆட விட்டால் கூட்டம் வரும்? லக்ராஸைக் கொண்டுவந்தார்கள். ஆட்களைக் குறைத்து, நாற்புறமும் பலகைச் சுவருக்குள் அடைத்தார்கள். அந்தப் பெட்டிக்குள் ஆடுவதால்தான் அதற்குப் பாக்ஸ் லக்ராஸ் என்று பெயர். இன்று தேசிய லீக்கில் கோல் காப்பவரோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர்; பந்து கைக்கு வந்தால் 30 நொடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். மூச்சுவிட நேரமில்லாத ஆட்டம். ஆனால் பிறந்த நாளிலிருந்தே வாடகைக் குடித்தனம்.

எட்மண்டனுக்கு வந்த, லீக்கில் அணி நடத்தும் உரிமமும் ஏற்கெனவே ஊர் சுற்றியதுதான். 1998-இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸில் ஸ்மாஷ் என்ற பெயரில் தொடங்கியது. ஹோடினோஷோனி கூட்டமைப்பைச் சேர்ந்த ஒனொண்டாகா மக்களின் நிலம் அந்நகரத்தை ஒட்டி இருக்கிறது. ஆட்டத்தின் தாய்மண் என்றே சொல்லலாம். அங்கேயே மூன்று பருவங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்து ஒட்டாவா, ரெபெல் என்ற பெயரில் இன்னும் மூன்று பருவங்கள், 2003-இல் அதுவும் முடிந்தது. தூங்கிக் கிடந்த உரிமத்தை வாங்கி, 2006-இல் எட்மண்டனில் களமிறக்கியவர் புரூஸ் அர்பன்.

முதல் பருவத்தில் 16 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி! சிரிக்காதீர்கள், 15 தோல்விக்குப் பிறகும் டிக்கெட் வாங்கியவர்கள் இருந்தார்கள். டெரெக் கீனன் பயிற்சியாளராக வந்த பிறகு அணி நிமிர்ந்தது. 2012-இல் இறுதிப்போட்டி வரை போய் ராச்செஸ்டர் அணியிடம் தோற்றது. 2014-இல் தொடர்ச்சியாக 14 வெற்றி, பிறகு பக்கத்து ஊர்க் கால்கரியிடம் சறுக்கல். 2015-இல் கோப்பை.

பிறகு ஏன் போனார்கள்? நகரத்து ஹாக்கி அணியான ஆயிலர்ஸ், 2016-இல் நகர மையத்துப் புது அரங்கத்துக்குக் குடிபெயர இருந்தது. அங்கே ரஷ் அணிக்கு இடம் எப்படி, என்ன கணக்கில் என்ற பேச்சு கூடிவரவில்லை. அரங்கம் வைத்திருப்பவருக்கு வாகன நிறுத்தம், தின்பண்டம், விளம்பரப் பலகை என்று வருமானத்துக்குப் பல வாசல். வாடகைக்காரருக்குப் பெரும்பாலும் டிக்கெட் காசுதான். எட்மண்டனில் வந்த கூட்டமோ ஆட்டத்துக்கு 7,000 பேரை ஒட்டி. தெற்கே 300 கிலோமீட்டரில் இருக்கும் கால்கரி ரஃப்னெக்ஸ் அணியைப் பாருங்கள். 2011-இல் ஊர் ஹாக்கி நிறுவனமே அதை வாங்கிவிட்டது. அது இன்னும் அங்கேயே ஆடுகிறது. அர்பன்மீது கோபப்பட்ட ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பேன்.

அப்போது ஒன்பது லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தை விட்டு, இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊருக்குப் போவது பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றும். முதல் பருவத்திலேயே, 2016 ஜூனில், பஃபலோ அணியை அதே 11-10 கணக்கில் வென்று சாஸ்கட்டூனில் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த ஊர் அரங்கம் கொள்ளும் 15,000 பேரும் அன்று வந்திருந்தார்கள்.

ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அவர்களில் பலர் எட்மண்டனில் குடியிருக்கவே இல்லை. இந்த லீக்கின் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. வாரநாளில் ஆசிரியர், தீயணைப்பு வீரர் என்று வேறு வேலை. வாரக்கடைசியில் விமானம் ஏறி வந்து ஆடிவிட்டுத் திரும்புவார்கள். அணி இடம் மாறியபோது அவர்களுக்கு மாறியது விமான டிக்கெட்டில் இருந்த ஊர்ப்பெயர். 2006-இன் அந்த 15 தோல்விகளையும் பார்த்தவர்கள்தான் எட்மண்டனில் மிஞ்சினார்கள். ஏட்டில் 2015 பட்டம் இப்போது, சாஸ்கட்டூனில் அணி எடுத்த புதுப் பெயரான சாஸ்கச்சுவான் ரஷ் கணக்கில் இருக்கிறது.

ஆயிலர்ஸும் போன பிறகு, அந்தப் பழைய அரங்கத்தை 2018 தொடக்கத்தில் பூட்டிவிட்டார்கள்.