பெரம்பூர் தொகுதியின் சத்தியவாணி முத்து

நேயர்களுக்கு வணக்கம்.

வட சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது என் வீட்டு வாசற்படிக்கு வந்துவிடும். ஓய்வு பெற்ற ஆசிரியை நான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, முதியோர் உதவித்தொகை, பட்டா, சாதிச் சான்று என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்மையில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வந்தாள். கணவன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, கையில் ஒரு பிள்ளை. அரசு தரும் இலவசத் தையல் மெஷினுக்கு மனுப் போட வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, தையல் கற்றுக்கொண்டதற்கான சான்று என்று ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துப் படியில் அடுக்கினாள். அப்புறம் படிவத்தின் மேல் வரியில் விரலை வைத்து, "டீச்சர், இந்தம்மா யாரு?" என்று கேட்டாள்.

'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்' என்று இருந்தது அந்த வரி.

எனக்குச் சுருக்கென்றது. அவளை வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியவள் நான். பாண்டியர்களைச் சொல்லிக் கொடுத்தேன், பல்லவர்களைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பெரம்பூரிலிருந்து மூன்று முறை சட்டமன்றம் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

சத்தியவாணி முத்து பிறந்தது 1923இல். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்து, அண்ணாவின் இயக்கத்தில் ஆரம்பம் முதலே உழைத்தவர். 'அன்னை' என்று ஒரு இதழையும் நடத்தினார். 1953இல் ராஜாஜி அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. கிராமப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நாள் அப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் குடியிருந்த குடும்பங்களில் பல, செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கத்துச் சேரிகளை விட்டு மில் வேலைக்கு வந்தவை. சேரிப் பிள்ளைக்கு 'அப்பன் தொழில்' என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் சத்தியவாணி முத்துவும் ஒருவர். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

1957இல் தி.மு.க. முதல் முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றது. அங்கீகாரம் பெற்ற கட்சி இல்லை என்பதால் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகத்தான் நின்றார்கள். ஜெயித்த பதினைந்து பேரில் காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி, எழும்பூரில் அன்பழகன், பெரம்பூரில் சத்தியவாணி முத்து.

எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு உறுப்பினரால் என்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டமன்றத்தில் வினா நேரம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுப்பார். நட்சத்திரக் குறி போட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்லியாக வேண்டும். பதில் போதவில்லை என்றால் அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். எல்லாம் அச்சேறும். ஒரு குடிசைப் பகுதியின் பெயரை, ஒரு தெருக்குழாயை, ஓட்டேரி நல்லா கால்வாயின் சாக்கடைத் தண்ணீரை அமைச்சரின் வாயிலிருந்து வரவழைக்கிற வேலை அது. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். பெரம்பூரிலிருந்து கோட்டை ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் ஜனங்களின் குரல் அங்கே போய்ச் சேர ஒரு ஆள் தேவைப்பட்டது.

1962இல் அவர் தோற்றார். அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதற்கு அடுத்த ஐந்து வருஷம்தான். அந்தத் தேர்தலில் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆனால் தோற்ற ஆணை 'அடுத்த முறை பார்க்கலாம் தலைவரே' என்று தோளில் தட்டுவார்கள். தோற்ற பெண்ணிடம் 'இனிமேல் வீட்டைப் பாரும்மா' என்பார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில், சங்கத் தேர்தலில், ஏன், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில்கூட இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சத்தியவாணி முத்து வீட்டைப் பார்க்கப் போகவில்லை. 1967இல் அதே பெரம்பூரில் நின்று ஜெயித்தார். 1971இல் மறுபடியும் ஜெயித்தார்.

எங்கள் அப்பா பின்னி துணி மில் தொழிலாளி; பெரம்பூர்தான் எங்கள் தொகுதி. 1967இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் மொத்தம் ஒன்பது பேர்; அதில் ஒரே பெண் சத்தியவாணி முத்து. அரிசன நலத்துறையும் செய்தித்துறையும் அவரிடம் இருந்தன. "நம்ம தொகுதி அம்மா மந்திரியாயிட்டாங்க" என்று எங்கள் அம்மா அடி பம்பு வரிசையில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த வருஷம்தான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள்.

மந்திரி பதவி சுகமான பதவி என்று நினைக்க வேண்டாம். அவர் அந்தத் துறையில் இருந்தபோதுதான், 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகள், அதிலும் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த மக்களின் நலனுக்கென்று இருக்கும் துறையின் நாற்காலியில், அதே மக்களில் ஒருவராக உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாரம்! அதை நினைத்தால் இன்றும் என் மனம் கனக்கிறது.

1974இல் அவர் தி.மு.க.வை விட்டு விலகினார். தாழ்த்தப்பட்ட மக்களின் நலன் கட்சியிலும் ஆட்சியிலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பது அவருடைய மனக்குறை. அது சரியா தவறா என்று வாதாடுபவர்கள் உண்டு. நான் பார்ப்பது வேறு. 1971இல் 234 இடங்களில் 184ஐப் பிடித்த கட்சி அது. அப்படிப்பட்ட கட்சியில் அமைச்சராக இருந்தவர், அதை உதறிவிட்டுத் 'தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்' என்று சொந்தமாகத் தொடங்கினார். மூன்று வருஷத்தில், 1977இல், அதை அ.தி.மு.க.வோடு இணைத்துவிட்டார். தனியாக ஒரு மேடை நிலைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. பணமும் ஆள்பலமும் இல்லாத ஒரு சமூகத்தின் பெண் எத்தனை காலம் தனியாகக் கட்சி நடத்த முடியும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1978இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1979இல் பிரதமர் சரண் சிங்கின் அமைச்சரவையில் சில மாதங்கள் மத்திய சமூக நலத்துறை அமைச்சர். திராவிடக் கட்சியிலிருந்து மத்திய அமைச்சர்களான முதல் இருவரில் அவர் ஒருவர். 1999இல் காலமானார்.

சென்ட்ரல் பக்கம் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. 2019 டிசம்பரில் அங்கிருந்த குடும்பங்களை அகற்றி, நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம். ஆசிரியையாக இருந்தவளுக்கு அந்த மாதத்தில் ஒரு பிள்ளையின் பள்ளியை மாற்றுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரியும். பிள்ளைகளுக்காகச் சிறை போனவர் பெயரை வைத்த இடத்தில் இது நடந்தது.

அவருக்குப் பிறகு வட சென்னையிலிருந்து பெண்கள் போகாமல் இல்லை. ராதாகிருஷ்ணன் நகரில் 1989இலும் 1996இலும் சற்குண பாண்டியன் ஜெயித்தார். அதே தொகுதியில் 2015 இடைத்தேர்தலிலும் 2016இலும் ஜெயலலிதா. 2022இல் திரு.வி.க. நகர் பக்கத்து வார்டிலிருந்து போன பிரியா, 28 வயதில் சென்னை மேயரானார். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருப்பதால் இன்று தெருவுக்குத் தெரிந்த கவுன்சிலர் அம்மாக்கள் நிறைய. கோட்டையில் அப்படி இல்லை. 1991இல் 32 பெண்கள் இருந்த சட்டமன்றத்துக்கு 2021இல் ஜெயித்துப் போனவர்கள் 12 பேர். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. காத்திருக்கச் சொல்வது சுலபம். சுயேச்சையாக நின்று ஜெயித்த ஒருவரின் தொகுதியிலிருந்து பேசுகிறேன், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

சரி, அந்தப் படிவம் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் அல்லவா? தையல் சான்றில் முத்திரை சரியில்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். வருமானச் சான்று பழையது என்று இன்னொரு முறை. மூன்றாவது முறை நானும் கூடப் போனேன். வெயில், நீளமான வரிசை. எனக்கு ஒரு நாற்காலி தேடிப் போட்டுவிட்டு அவள் வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவள் கையிலும் அதே படிவம். இவள் தன் படிவத்தின் மேல் வரியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரம்பூரு எம்எல்ஏக்கா, நம்ம பெரம்பூரு" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

வணக்கம்.