விற்பனைக்கு வந்த சொகுசு வீட்டுல இருந்து நம்ம ஃப்ளாட்டுக்கு எதை எடுக்கலாம்?

[திரையில்: ஒரு பெரிய வீட்டின் ஹால். கேமரா வாசலில் இருந்து மெதுவாக உள்ளே போகிறது.]

சென்னையில போட் கிளப், நீலாங்கரை, ஈசிஆர் பக்கம் விற்பனைக்கு வர்ற பெரிய வீடுகளோட போட்டோவையும் வீடியோவையும் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் எனக்குப் பல வருஷமா உண்டு. நான் குடியிருக்கிறது மடிப்பாக்கத்துல, 870 சதுர அடி ஃப்ளாட். அந்த வீட்டை வாங்கப் போறதில்லை. ஆனா அதுல ஒரு நல்ல ஆர்க்கிடெக்ட் மாசக்கணக்கா உட்கார்ந்து யோசிச்ச யோசனை இருக்கு. அது போட்டோவுல அப்படியே தெரியுது, நமக்குப் பார்க்கத் தெரிஞ்சா போதும்.

முதல்ல நான் பார்த்த விதம் தப்பு. பிடிச்ச பொருளை எடுத்தேன். ஒரு வீட்டு சமையலறையில வெள்ளை மார்பிள் மேடை பார்த்து, கடன் வாங்கி அதே மாதிரி என் வீட்டுல போட்டேன். போட்ட ரெண்டாவது வாரம், ரசத்துக்குப் புளி கரைச்ச கிண்ணத்தை மேடையில வச்சுட்டு வேற வேலை பார்க்கப் போயிட்டேன். எடுத்துத் துடைச்சா, கிண்ணம் இருந்த இடத்துல மங்கலா ஒரு வட்டம்.

[திரையில்: மார்பிள் மேடையில் அந்த வட்டம், மிக அருகில்.]

இது கறை இல்லை. கறைன்னா நிறம் மட்டும் ஏறியிருக்கும், சுத்தம் பண்ணினா கொஞ்சமாவது போகும். மார்பிள்ங்கிறது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர் எல்லாத்துலயும் அமிலம் இருக்கு. அமிலம் பட்டா கல்லோட மேல்பரப்பே கரையுது, மெருகு போயிடுது. திரும்பப் பாலிஷ் போட்டாத்தான் சரியாகும். சாம்பாரும் ரசமும் தினமும் வைக்கிற மேடைக்கு நம்ம ஊர் கருப்பு கிரானைட்தான் சரி. பளபளப்பு வேண்டாம்னா லெதர் ஃபினிஷ்னு சொல்லிக் கேளுங்க, மங்கலா, தொடுறதுக்கு ரொம்ப நல்லா இருக்கும்.

அப்போ அந்தப் பெரிய வீட்டுல மட்டும் மார்பிள் மேடை எப்படி அவ்வளவு சுத்தமா இருக்கு? போட்டோவை விட்டுட்டு அந்த வீட்டோட ப்ளானைத் தேடிப் பார்த்தேன். விடை அங்க இருந்தது. சமையலறை ரெண்டு. ஹாலைப் பார்த்துத் திறந்திருக்கிறது காபி போட, பழம் நறுக்க. அதுக்குப் பின்னாடி கதவு போட்டு இன்னொண்ணு. தாளிப்பு, அரைக்கிறது, மீன் கழுவுறது எல்லாம் அங்க. பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம், துணி துவைக்க ஒரு யூட்டிலிட்டி. முன்னாடி ஒரு சாமான் கூட வெளிய தெரியலைன்னா, பின்னாடி அதுக்கெல்லாம் ஒரு அறையே இருக்கு.

அதனால என்னோட முதல் பழக்கம் இது. போட்டோவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ப்ளானைப் பாருங்க. பல விளம்பரத்துல ப்ளான் இருக்கும். புது அடுக்குமாடிக் குடியிருப்புன்னா தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட இணையதளத்துல அந்தத் திட்டத்தோட விவரங்களைத் தேடலாம். 2016 சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வெளிச்சுவர் சேராம உள்ள நாம புழங்குற பரப்பை, வெளிப்படையாச் சொல்லியாகணும். ஓப்பன் கிச்சன் ஆசைப்படுறவங்க, பின்னாடி ரெண்டாவது சமையலறை இருக்கான்னு முதல்ல தேடுங்க. நம்ம வீட்டுல அது கிடையாதுன்னா, சுவரை இடிச்ச இடத்துல நகர்த்துற கண்ணாடிக் கதவு போடுங்க. வத்தல் வறுக்கும்போது மூடிக்கலாம், மத்த நேரம் திறந்து வைக்கலாம். சிம்னியோட புகைக்குழாய் வெளிச்சுவர் வழியா வெளிய போகணும். உள்ளேயே வடிகட்டித் திருப்பி விடுற வகை நம்ம சமையலுக்குத் தாங்காது.

[திரையில்: அதே ஹால், ரெண்டு விதமான லென்ஸில் எடுத்தது, பக்கத்துல பக்கத்துல.]

அடுத்தது போட்டோ. விற்பனைக்குப் படம் எடுக்கிறவங்க அகலமான லென்ஸ்தான் போடுவாங்க. ஓரத்துல இருக்கிற சோஃபா இழுத்து வச்ச மாதிரி நீளமாத் தெரியும், ஹால் கோயில் மண்டபம் மாதிரி இருக்கும். இதுல ஏமாறாம இருக்க எனக்கு ஒரு வழி உண்டு: டைல்ஸை எண்ணுறது. சின்ன சதுர டைல்ஸ் பெரும்பாலும் 2 அடிக்கு 2 அடி. சோஃபாவுக்கும் டிவி சுவருக்கும் நடுவுல 6 டைல்ஸ்னா 12 அடி, அவ்வளவுதான். பெரிய டைல்ஸ், மார்பிள்னா அளவு மாறும், அப்போ கதவைப் பிடிச்சுக்கோங்க. நம்ம பக்கம் கதவு நிலை பொதுவா 7 அடி. அந்த வீட்டுல கதவுக்கு மேல எவ்வளவு சுவர் இருக்குன்னு பார்த்தா சீலிங் உயரம் தெரிஞ்சிடும்.

இப்படி எண்ண ஆரம்பிச்சப்புறம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. அந்த வீடுகள்ல எனக்குப் பிடிச்ச விஷயத்துல பாதி, எது எந்த உயரத்துல இருக்கு, எதுக்கும் எதுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விட்டிருக்காங்க, வெளிச்சம் எங்கிருந்து விழுதுங்கிறதுதான். டேப் ஒண்ணு கையில இருந்தா இதை எல்லாம் நம்ம வீட்டுக்கும் கொண்டு வந்துடலாம்.

சில அளவுகளைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க. நடக்கிற வழி 3 அடி. சோஃபாவுக்கும் டீபாய்க்கும் நடுவுல ஒண்ணரை அடி. படம் மாட்டினா படத்தோட நடுப்புள்ளி தரையில இருந்து 5 அடிக்குக் கொஞ்சம் கீழ. நம்ம வீடுகள்ல படம் எல்லாம் சீலிங் பக்கத்துல போய் மாட்டிக்கிட்டு இருக்கும், அண்ணாந்து பார்க்கணும். ஸ்க்ரீன் கம்பியை ஜன்னல் தலையில அடிக்காம சீலிங்கை ஒட்டி அடிங்க, ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் அரை அடி கூடுதலா. துணி தரை வரைக்கும் இறங்கட்டும். அதே 9 அடி அறை உயரமாத் தெரியும்.

ஸ்விட்ச் போர்டு பற்றி யாரும் பேச மாட்டாங்க, ஆனா நான் பேசியாகணும். பெரிய வீட்டுப் படத்துல ஸ்விட்ச் எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. கதவோரத்துல, கைப்பிடி உயரத்துல, சின்னதா. நம்ம வீட்டுல ஹாலோட நல்ல சுவர் நடுவுல, கண் உயரத்துல, ஆறு ஸ்விட்ச், ஒரு ரெகுலேட்டர், ஒரு பிளக்கோட பெருசா உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவர்ல வேற எதையும் வைக்க முடியாது. குடியிருக்கிற வீட்டுல இதுக்காக உடைக்க வேண்டாம். வயரிங் மாத்துற வேலை, பெயின்ட் வேலை வரும்போது எலக்ட்ரீஷியன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.

[திரையில்: ஒரே அறை. முதலில் ட்யூப் லைட் வெளிச்சம். பிறகு அது அணைந்து, மூலையில் ஒரு விளக்கு, சுவரில் ஒரு விளக்கு எரிகிறது.]

இப்போ வெளிச்சம். நான் இதுல கொஞ்ச நேரம் நிக்கப் போறேன், ஏன்னா கம்மிச் செலவுல இவ்வளவு மாற்றம் தர்றது வேற எதுவும் இல்லை.

சொகுசு வீட்டோட சாயங்காலப் படம் ஏன் அவ்வளவு இதமா இருக்கு? ஒரே இடத்துல இருந்து வெளிச்சம் வர்றதில்லை. மேல கொஞ்சம், சுவர்ல கொஞ்சம், சோஃபா பக்கத்துல கால் உயரத்துல கொஞ்சம். நிழலும் இருக்கு. நம்ம வீட்டுல சுவர் உச்சியில ஒரு ட்யூப் லைட், எல்லா மூலைக்கும் ஒரே வெள்ளை. பல்பு பெட்டியில கெல்வின்னு ஒரு எண் போட்டிருக்கும், பாருங்க. 6500 நீலம் கலந்த வெள்ளை, நம்ம ட்யூப் லைட் பெரும்பாலும் அதுதான். 2700, 3000 மஞ்சள் கலந்தது. 4000 ரெண்டுக்கும் நடுவுல. ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் 3000 எடுங்க. சமையலறைக்கும் பிள்ளைங்க படிக்கிற மேசைக்கும் 4000. அதே பெட்டியில சிஆர்ஐன்னு இன்னொரு எண் இருந்தா, 90க்கு மேல இருக்கிறதை எடுங்க. பட்டுப் புடவையோட அரக்கும் மாம்பழ மஞ்சளும் அது அதுவாத் தெரியும்.

சமையல் மேடைக்கு மேல இருக்கிற கப்போர்டோட அடியில எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டுங்க. அதைச் சுவரை ஒட்டி வைக்காம, கப்போர்டோட முன் விளிம்புல வைங்க. அப்பத்தான் வெளிச்சம் நறுக்குற பலகை மேல விழும். அலுமினிய சட்டமும் பால் நிற மூடியும் போட்டு வாங்கினா புள்ளி புள்ளியாத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் படங்கள்ல ஃபேன் இருக்காது, ஏசி மட்டும்தான். நமக்கு ஃபேன் இல்லாம முடியாது. படத்தைப் பார்த்து சீலிங் முழுக்கக் குழி விளக்கு போட்டவங்க வீட்டுக்குப் போயிருக்கேன். ஃபேன் சுத்துறப்போ இறக்கையோட நிழல் வெட்டி வெட்டி ஓடும், பத்து நிமிஷத்துல தலை வலிக்கும். 48 அங்குல ஃபேனோட இறக்கை நடுவுல இருந்து 2 அடிக்கு நீளும். விளக்கை அதுக்கு வெளிய, நடுவுல இருந்து 3 அடி தள்ளி வைக்கச் சொல்லுங்க. ஃபால்ஸ் சீலிங்கும் அப்படித்தான். அரை அடி இறங்கும். 12 அடி உயர அறையில அது அழகு. 9 அடி அறையில ஃபேன் தலைக்கு நெருக்கமா வந்து நிக்கும். வேண்டாம்.

தரையில இருந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி ஜன்னலும் வேண்டாம், அதுவும் மேற்குப் பக்கமா இருந்தா. அந்தப் போட்டோ காலை வேளையில எடுத்தது. மே மாசம் சாயங்காலம் 4 மணிக்கு அதே ஹால்ல யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க.

[திரையில்: செட்டிநாட்டு வீடு ஒன்றின் வாசல். முகப்பில் இருந்து பின்கட்டு வரை ஒரே பார்வை.]

சொகுசு வீடு நமக்குப் புதுசு இல்லையே. 19ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து 1940கள் வரைக்கும் நகரத்தார் கட்டின வீடுகளை நினைச்சுப் பாருங்க. பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. அதுல எத்தனையோ வீடுகளைப் பராமரிக்க முடியாமப் பிரிச்சு வித்துட்டாங்க. தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கேயோ போகுது. அங்க ஒரு தூண் தனியாச் சாஞ்சு கிடக்கிறதைப் பார்த்து எனக்கு மனசு கனத்துப் போச்சு. அது தாங்கி நின்ன வளவு, அதாவது நடு முற்றத்தைச் சுத்தின கட்டு, இனிமே இல்லை. இன்னும் நிக்கிற வீடுகளுக்குப் போனா, எடுத்துக்க வேண்டியது கண் முன்னாடியே இருக்கு. வாசல்ல நின்னா முகப்பு, வளவு, அடுத்த கட்டுன்னு ஒரே நேர்கோட்டுல பின்வாசல் வரைக்கும் பார்வை போகும். நடுவுல இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும்.

ஆத்தங்குடி டைல்ஸ் ஆசை நிறையப் பேருக்கு இருக்கு, எனக்கும். கண்ணாடி மேல அச்சு வச்சு, சாயத்தைக் கையால ஊத்தி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணியில ஊறவச்சு எடுக்கிற கல் அது. சூளையே கிடையாது. ஆனா கனம் முக்கால் அங்குலம் வரைக்கும் இருக்கும். இருக்கிற தரை மேல போட்டா கலவையோட சேர்த்து தரை உயர்ந்து, எல்லாக் கதவையும் அடியில இழைக்கணும். ஃப்ளாட்டுல முழு வீட்டுக்கும் போடாம, பழைய டைல்ஸை எடுத்துட்டு வாசல்ல மட்டும் ஒரு நாலுக்கு நாலு அடி போடலாம்.

[திரையில்: மடிப்பாக்கம் ஃப்ளாட். முன்கதவு திறக்கிறது.]

என் வீட்டுக் கதவைத் திறந்தா முன்னாடி நேராத் தெரிஞ்சது செருப்பு ஸ்டாண்டும், அதுக்குப் பின்னாடி ஃப்ரிட்ஜோட பக்கவாட்டும். கடைசியில பால்கனி, ஆனா அதை ஒரு பீரோ மறைச்சுக்கிட்டு இருந்தது. பீரோவை உள் அறைக்குத் தள்ளினேன். ஃப்ரிட்ஜ் மூணு அடி நகர்ந்தது, அதுக்கு மட்டும் ஒரு பிளக் பாயின்ட் புதுசா எடுக்க வேண்டி வந்தது. செருப்பு கதவுக்குப் பின்னாடி மூடி போட்ட அலமாரிக்குள்ள போயிடுச்சு. இப்போ வாசல்ல நின்னா பால்கனியில இருக்கிற துளசிச் செடி வரைக்கும் தெரியுது.