கோடு வரை தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். 2020 மார்ச்சில் கையில் தேய்க்கும் கிருமிநாசினி (சானிடைசர்) கடைகளில் கிடைக்காமல் போனபோது, எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அதை நாங்களே தயாரிக்க உட்கார்ந்தோம். செய்முறை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. எத்தனால் என்ற ஆல்கஹால் 80 சதவீதம், கனஅளவில். உதவிக்கு வந்த இறுதியாண்டு மாணவர், முதலில் ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டும் கலந்து பார்ப்போம் என்று 8 லிட்டர் ஸ்பிரிட்டையும் 2 லிட்டர் தண்ணீரையும் ஒரு கேனில் ஊற்றினார்.

கேனில் 10 லிட்டருக்குக் கோடு போட்டு வைத்திருந்தோம். திரவம் அந்தக் கோட்டைத் தொடவில்லை. கிட்டத்தட்ட ஒரு டம்ளர் குறைந்தது. “சார், எங்கேயாவது கொட்டிடுச்சா?” என்று மேசையைத் துடைத்துப் பார்த்தார். துணி நனையவே இல்லை. கேனைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

எதுவும் கொட்டவில்லை. எத்தனால் மூலக்கூறும் நீர் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற ஈர்ப்பால் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இடம் சுருங்குகிறது, வெப்பம் வெளியாகிறது. 50 மில்லியும் 50 மில்லியும் கலந்தால் 100 வராது, 96, 97தான் வரும். எடையைக் கூட்டலாம், கனஅளவை அப்படிக் கூட்ட முடியாது. கனஅளவு சதவீதத்தில் மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

சூத்திரம் என்னவோ எளியது. கரைபொருளின் (இங்கே எத்தனால்) கனஅளவைக் கரைசலின் (கலந்து முடித்த முழுத் திரவத்தின்) கனஅளவால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். கவனியுங்கள்: வகுப்பது கரைசலின் அளவால், ஊற்றிய தண்ணீரின் அளவால் அல்ல. ஆகவே தண்ணீரைத் தனியாக அளந்து ஊற்றவே கூடாது. ஆல்கஹாலை அளந்து ஊற்றிவிட்டு, கோடு வரை தண்ணீர் விட வேண்டும்.

அந்த மாணவர் கணக்கில் இன்னொரு பிழையும் இருந்தது. ஸ்பிரிட் முழுக்க ஆல்கஹால் என்று நினைத்துவிட்டார். புட்டியில் 96 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. 8 லிட்டரில் உண்மையான எத்தனால் 7.68 லிட்டர்தான். கோடு வரை நிரப்பியிருந்தால் 76.8 சதவீதம் வந்திருக்கும். 75 முதல் 85 வரை ஏற்கலாம் என்பதால் அன்றைக்குத் தப்பியிருப்போம். அதே ஸ்பிரிட் 90 சதவீதமாக இருந்திருந்தால் 72-க்கு இறங்கியிருக்கும். அப்போது அதை யார் கையிலும் ஊற்ற நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

சரி, சரியான கணக்கு எப்படி? நமக்கு வேண்டிய சதவீதத்தை வேண்டிய அளவால் பெருக்கி, கையில் இருக்கும் சரக்கின் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 80 பெருக்கல் 10,000 மில்லி, வகுத்தல் 96. விடை 8,333 மில்லி. செய்முறையில் அடுத்துள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் இதே வழிதான். வேண்டியது 0.125 சதவீதம், கடையில் கிடைப்பது 3 சதவீதம். 417 மில்லி. அப்புறம் கிளிசரால் 145 மில்லி. அது பாகு போல அளவு ஜாடியில் ஒட்டிக்கொள்ளும்; ஜாடியைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் அலசி அதையும் கேனிலேயே ஊற்றினோம்.

கடைசித் தண்ணீருக்கு மட்டும் அவசரப்படக் கூடாது. கலவை சூடாக இருக்கும்போது விரிந்திருக்கும். ஒரு லிட்டர் எத்தனால் 10 டிகிரி சூடேறினால் சுமார் 11 மில்லி கூடிவிடும். சூட்டோடு கோட்டைத் தொட்டுவிட்டு நிறுத்தினால், ஆறியபின் கீழே இறங்கி நிற்கும். அதனால் ஆறவிட்டு, கேனின் கோட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, திரவத்தின் வளைவின் அடிப்பக்கம் கோட்டைத் தொடும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார் அந்த மாணவர்.

பிறகு ஆல்கஹால்மானியை மிதக்கவிட்டோம். அடர்த்தியை வைத்துக் கனஅளவு சதவீதத்தை நேராகவே காட்டும் இந்தக் கருவியைப் பற்றி பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 1824-இலேயே விளக்கி எழுதியிருக்கிறார். வெப்பநிலைத் திருத்தம் போட்டுப் பார்த்தோம். 79-க்கும் 80-க்கும் நடுவில் நின்றது. புட்டிகளில் நிரப்பி, கிருமி வித்துகள் அழிய 72 மணி நேரம் ஒதுக்கி வைத்தோம். நான்காம் நாள் காலை முதல் பெட்டி ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்குப் போனது.

வணக்கம்.