பழைய படத்தில் இருக்கும் அந்த மாளிகை எது?

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டன், அயர்லாந்துக் குடும்பங்களின் பழைய ஆல்பங்களில் ஒரு வகைப் படம் அடிக்கடி தட்டுப்படும். பின்னால் கிராமப்புறத்துப் பெரிய மாளிகை ஒன்று. முன்னால் படிக்கட்டில் இருபது முப்பது பேர். ஒன்றிரண்டு முகம் அடையாளம் தெரியும், இடம் தெரியாது. "கொள்ளுத்தாத்தா வீடு" என்று ஒரு பேச்சு மட்டும் வழிவழியாக வந்திருக்கும். அந்த மாளிகையின் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், பல சமயம் முடியும். ஆனால் கணினியில் படத்தைத் தேடவிட்டு, அதே மாதிரி ஒன்று வந்ததும் "இதுதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முன்புறம் தூண் வரிசை, மேலே முக்கோண முகடு, இரண்டு பக்கமும் சமமாகச் சன்னல்கள் என்று அமைந்த மாளிகைகள் அந்த நாடுகளில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தோற்றம் ஒத்துப்போனால் அது ஊகத்துக்குத்தான் உதவும். உறுதி செய்வது வரைபடம்.

முதல் வேலை ஸ்கேன். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), கைக்குள் அடங்கும் சின்ன அட்டைப் படத்துக்கு 1200 டிபிஐ. டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். படத்தின் விளிம்பு, ஒட்டியிருக்கும் அட்டை, பின்பக்கம் எல்லாம் ஸ்கேனில் வர வேண்டும். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள். அட்டையில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த முத்திரையோ, அழிந்துபோன பென்சில் எழுத்தோ இருக்கலாம். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பள்ளங்கள் நிழலாக எழுந்து வரும். இன்னொன்று: பழைய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். மங்கலான இடத்தில் அவை சன்னல் சட்டங்களைத் தாமாக வரைந்து வைக்கும். நாம் எண்ணப்போவதே அந்தச் சட்டங்களைத்தான்.

அடுத்து காலம். ஏறக்குறைய 64க்கு 100 மில்லிமீட்டர் அளவு அட்டை என்றால் 1860-களில் பரவிய சின்ன அட்டைப் படம். 108க்கு 165 மில்லிமீட்டர் என்றால் 1866-க்குப் பிறகு வந்த கேபினட் அட்டை. அஞ்சல் அட்டையாக அச்சிட்டிருந்தால் பின்பக்கம் பாருங்கள்: நடுவில் கோடு போட்டு ஒரு பாதி முகவரிக்கு, மறுபாதி சேதிக்கு என்ற முறை பிரிட்டனில் 1902-இல் வந்தது. தபால் தலை அரைப் பென்னியா ஒரு பென்னியா என்பதும் துப்புதான். உள்நாட்டு அஞ்சல் அட்டைக் கட்டணம் 1918 ஜூனில்தான் அரையிலிருந்து ஒன்றானது. ஸ்டூடியோ முகவரி இருந்தால் வட்டாரம் ஓரளவு புலப்படும். ஓரளவு என்றே சொல்கிறேன், ஏனென்றால் ஊர் ஊராகப் போய் எடுத்தவர்களும் உண்டு.

படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள். இரும்புத் தகட்டில் நேரடியாக எடுத்த டின்டைப் படங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித்தான் இருக்கும். நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்தாலும் அப்படியே. சோதிப்பது எளிது. ஆண்களின் கோட்டில் மார்புப் பை அணிந்தவரின் இடப்பக்கம், அதாவது நமக்கு வலப்பக்கம் தெரிய வேண்டும். அது இடப்பக்கம் தெரிந்தால் மொத்தப் படத்தையும் திருப்புங்கள். இதைக் கவனிக்காவிட்டால், வலக்கோடியில் கோபுரம் உள்ள சரியான மாளிகையே கண்ணில் பட்டாலும் "இது இல்லை" என்று ஒதுக்கிவிடுவோம்.

இனி கட்டடம். முகப்பில் மேலிருந்து கீழாக நிற்கும் சன்னல் வரிசைகள் இடமிருந்து வலமாக எத்தனை என்று எண்ணுங்கள். நடுப்பகுதி முன்தள்ளி இருந்தால் பிரித்து எழுதுங்கள்: மூன்று, ஐந்து, மூன்று. பிறகு மாடி எத்தனை, தூண் எத்தனை, புகைபோக்கிக் கொத்து எந்தெந்த இடத்தில் என்று குறியுங்கள். இவற்றில் எளிதில் மாறாதது சன்னல் வரிசையும் மாடிகளின் உயர விகிதமும். சுவரில் படரும் கொடியும் முன்மண்டபமும் கண்ணாடிப் பூங்கூடமும் வந்து போகும். ஆகவே அவை பொருந்தவில்லை என்பதற்காக ஒரு மாளிகையைத் தள்ளிவிட வேண்டாம்.

சன்னலில் இன்னும் நிறையச் செய்தி இருக்கிறது. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சன்னலில் மேலே ஆறு, கீழே ஆறு சிறு கண்ணாடிகள் இருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டு அல்லது பத்தொன்பதின் முற்பாதி வேலைப்பாடு என்று தொடங்கலாம். கண்ணாடிக்கு அரசு போட்டிருந்த வரி 1845-லும் சன்னலுக்குப் போட்டிருந்த வரி 1851-லும் நீங்கிய பிறகு, குறுக்குச் சட்டமே இல்லாத பெரிய கண்ணாடி பரவியது. அந்தக் கனத்தைத் தாங்க, மேல் சட்டத்தின் அடியில் இரண்டு ஓரத்திலும் கொம்பு மாதிரி ஒரு சிறு நீட்சி விட்டார்கள். நல்ல ஸ்கேனில் அது தெரியும். தெரிந்தால் அந்தச் சன்னல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அல்லது அதற்குப் பின் வந்தது. கட்டடம் அதைவிடப் பழையதாக இருக்கலாம், சன்னலை மட்டும் மாற்றியிருப்பார்கள். அதேபோல், கூரான முகடும் கல் சட்டச் சன்னலும் இருப்பதால் பதினாறாம் நூற்றாண்டின் முதலாம் எலிசபெத் காலத்து மாளிகை என்று நம்பிவிட வேண்டாம். விக்டோரியா காலத்தில் அந்தப் பாணியில் புதிதாகவே பலர் கட்டினார்கள்.

நிறம் ஏமாற்றும். அன்றைய படத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது, நீலம் அதிகமாக உறைக்கும். அதனால் செங்கல் மாளிகை கருங்கல் மாதிரி இருண்டு தெரியும், நீல உடை வெளுத்துத் தெரியும்.

இந்த உடை விஷயம் முக்கியமானது. முதல் உலகப்போரில் பிரிட்டனில் 3,000-க்கும் மேற்பட்ட துணை மருத்துவமனைகள் இயங்கின. அவற்றில் பல, மாளிகைகளில்தான் இருந்தன. அங்கே தேறிவந்த சிப்பாய்களுக்கு நீல உடை, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. படத்தில் ஆண்கள் பலர் ஒரே மாதிரி வெளிர் உடையும் கறுத்த டையுமாக, நடுநடுவே செவிலியரோடு இருந்தால் கொள்ளுத்தாத்தா அங்கே காயம்பட்டுக் கிடந்தவராக இருக்கலாம். அப்போது தேட வேண்டியது செஞ்சிலுவைச் சங்கத்தின் துணை மருத்துவமனைப் பட்டியல்.

கையில் மண்வெட்டி, கிண்ணம், துப்பாக்கி என்று தொழிலுக்குரிய பொருளோடு நின்றால் அது பணியாளர் படம். உறவினர் அங்கே வேலை பார்த்தவர் என்பதுதான் பெரும்பாலும் உண்மை; குடும்பத்துக்கு அதில் குறைவு எதுவும் இல்லை. பணியாளர்களைப் பல சமயம் சமையலறை முற்றத்திலோ தோட்டப் பக்கத்திலோ நிறுத்தித்தான் எடுத்தார்கள். இணையத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் முன்முகப்பு. ஒத்துப்போகாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

பெயரைத் தேட மக்கள்தொகைக் கணக்கேடு உதவும். இங்கிலாந்து, வேல்ஸுக்கு 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்றாகப் பார்க்கக் கிடைக்கிறது. 1931-க்கானது 1942-இல் தீயில் போய்விட்டது. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கிய 1939-இல் எடுத்த மக்கள் பதிவேடு ஓரளவு கைகொடுக்கும். அயர்லாந்தின் 1901, 1911 ஏடுகள் இணையத்தில் இலவசம். மாளிகையில் தங்கியவர்கள் எசமான் பெயருக்குக் கீழே வருவார்கள். கணக்கெடுத்த இரவில் எசமான் லண்டனில் இருந்திருந்தால் தலைமைப் பணிப்பெண்ணும் வேலைக்காரிகளும் மட்டும் பதிவாகியிருப்பார்கள், முகவரியில் மாளிகையின் பெயர் அப்படியே இருக்கும். வண்டிக்காரர், தோட்டக்காரர் லாயத்திலோ வாயில் வீட்டிலோ தனிக் குடும்பமாக இருப்பார்கள்; முன்பின் பக்கங்களையும் புரட்டுங்கள். அவர்களின் ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த ஊரை வரிசையாக எழுதினால் எந்த ஆண்டு எங்கே வேலை என்பது தெரிந்துவிடும். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

ஒரே பெயரில் பல மாளிகைகள் உண்டு. லாங்லி பார்க் என்ற பெயர் நார்ஃபோக்கிலும் பக்கிங்ஹாம்ஷையரிலும் கென்ட்டிலும் இருக்கிறது. மாவட்டத்தைச் சேர்த்தே எழுதுங்கள். இன்னொரு சிக்கல், மாளிகையே இன்று இல்லாமல் இருப்பது. நாட்டிங்ஹாம்ஷையரின் கிளம்பர் மாளிகை 1938-இல் இடிக்கப்பட்டது. செஷையரின் ஈட்டன் ஹாலில் பிரதான கட்டடம் 1960-களில் போனது. தேவாலயமும் மணிக்கூண்டும் நிற்கின்றன. அயர்லாந்தில் 1920-க்கும் 1923-க்கும் இடையே 200-க்கும் மேற்பட்டவை எரிந்தன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் இன்றைய பட்டியலில் மட்டும் தேடினால் இவை கிடைக்காது. 1897 முதல் வரும் கன்ட்ரி லைஃப் இதழின் பழைய படங்களும், மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ள ஏல விற்பனைப் பிரசுரங்களும் அங்கே உதவும்.

இரண்டு மூன்று பெயர்கள் கைக்கு வந்ததும் வரைபடத்துக்குப் போங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் மைலுக்கு 25 அங்குல வரைபடத்தில் கட்டடத்தின் அடித்தள வடிவம் படிக்கட்டு வரை வரும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழையதையும் இன்றைய வானப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். படத்தில் செங்கல் தெரிந்தால் வரிகளை எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கு வரி சேர்ந்தால் ஓர் அடி உயரம். அந்த அளவுகோலை முகப்பின் குறுக்கே வைத்து அகலத்தைக் கணியுங்கள். 40 மீட்டர் முகப்பு அந்த வரைபடத்தில் 16 மில்லிமீட்டர் வரும். கோணமாக எடுத்த படத்தில் இது தவறும். நேராக எடுத்ததில் மட்டும் செய்யுங்கள்.

கடைசியாகத் திசை. சூரியன் அங்கே தெற்கு வானில்தான் உயரும். முகப்பில் நல்ல வெயில், நிழலும் குட்டை என்றால் அது வடக்குப் பார்த்த முகப்பு அல்ல. வரைபடத்தில் அந்த முகப்பு வடக்கே பார்த்தால், மற்ற எல்லாம் பொருந்தினாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

சன்னல் வரிசை, அடித்தள வடிவம், திசை மூன்றும் ஒத்து, உறவினர் அங்கே இருந்ததற்கு ஓர் ஏடும் கிடைத்தால் பெயரை எழுதிவைக்கலாம். படத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டாம். அமிலமற்ற உறையில், படத்தை உள்ளே வைக்கும் முன், மென்மையான பென்சிலால் மாளிகையின் பெயர், மாவட்டம், எந்தப் பக்கத்து முகப்பு, எந்த ஏட்டின் ஆதாரம் என்று எழுதுங்கள். ஒன்று குறைந்தாலும் பெயருக்கு முன்னால் "இருக்கலாம்" என்று சேர்த்து, படத்தின் இரு பக்க ஸ்கேனையும் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள்.