கோல்ஃப் டிரைவர் தூரம் போகவில்லையா? புதுசு வாங்குவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்

சரி, அடுத்த கேள்வி சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு அண்ணன் அனுப்பியிருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதாம், டிரைவரில் (கோல்ஃபில் தூரமாக அடிக்கும் பெரிய மட்டை) அடித்தால் பந்து 180 மீட்டருக்கு மேல் போக மாட்டேன் என்கிறது, இன்னும் பலமாக அடித்தால் பந்து வலது பக்கம் வளைந்து செம்பனைக்குள் போய்விடுகிறது, புது டிரைவர் வாங்கினால் தூரம் கிடைக்குமா என்று கேட்கிறார்.

அண்ணே, இப்போதைக்கு வாங்காதீர்கள். டிரைவர் முகம், அதாவது பந்தில் மோதும் பக்கம், எவ்வளவு துள்ளலாம் என்று கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ இரண்டும் வரம்பு வைத்து பல வருடம் ஆகிறது, உங்களிடம் இருப்பது பத்து வருடப் பழசாக இருந்தாலும் அது அந்த வரம்பை ஒட்டித்தான் இருக்கும். புதிய டிரைவர்களில் பந்து ஓரத்தில் பட்டாலும் இழப்பு கொஞ்சம் குறைவு, அது உண்மைதான். ஆனால் நடுவில் பட வைப்பதற்குக் காசு வேண்டியதில்லை, உங்களுக்குத் தூரம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கிளப்பின், அதாவது மட்டையின், தலை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் நடுவில் பட்டால் பந்து அதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில், அதாவது 205, 207 கிலோமீட்டரில் கிளம்பும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் அது 193 அளவுக்கு இறங்கிவிடும். அந்த ஒரு வித்தியாசமே ஏறக்குறைய 15 மீட்டர். நீங்கள் கூடுதலாக ஒரு துளி பலம் கூடப் போடவில்லை, கவனியுங்கள். அதனால் முதல் வேலையாக ஒரு வைட்போர்டு மார்க்கர் எடுத்து, பந்தின் பின்பக்கம், முகம் மோதும் இடத்தில் பெரிதாக ஒரு புள்ளி வைத்து அடியுங்கள். முகத்தில் மை எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள், துடையுங்கள், மறுபடி அடியுங்கள். தண்டுக்குப் பக்கத்தில், குதிகால் பகுதியில் ஒட்டினால், அதுவே பந்தை வலது பக்கம் சுழல வைக்கும் (வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்). பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள்.

அப்புறம் அந்த வலது பக்க வளைவு. அதற்குப் பெரிய காரணம், பந்தில் மோதும்போது முகம் திறந்திருப்பது, அதாவது இலக்குக்கு வலது பக்கம் பார்த்திருப்பது. இடது கையில் கிரிப்பை, அதாவது மட்டையின் பிடியை, உள்ளங்கையில் பிடிக்காமல் விரல்களில் பிடியுங்கள், மேலிருந்து பார்த்தால் இடது கையில் இரண்டு மூன்று முட்டி தெரியட்டும். இறுக்கிப் பிடிக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் கை வியர்த்து வழுக்குகிறது, வழுக்குவதால் இறுக்குகிறோம், இறுக்கினால் மணிக்கட்டு மடங்காது, வேகம் அங்கேயே செத்துவிடும். கையுறையை அடிக்கடி மாற்றுங்கள், துண்டு ஒன்று பையில் தொங்கட்டும். கார் பூட்டிலேயே வெந்து கெட்டியாகிப்போன ரப்பர் கிரிப்பாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், நான் செலவு செய்யச் சொல்வது இதற்கு மட்டும்தான்.

இனி முக்கியமான விஷயம், இதைப் பொறுமையாகக் கேளுங்கள். பலமாக அடிக்க வேண்டும் என்று நினைத்த உடனே நாம் எல்லோரும் தோளையும் கையையும் முதலில் வீசுகிறோம். கிளப் வெளிப்பக்கமாக வந்து பந்தைக் குறுக்கே வெட்டுகிறது, அதனால்தான் பலம் கூடக் கூட வளைவும் கூடுகிறது. ஆற்றில் வலை வீசுகிறவரைப் பாருங்கள், கால் ஊன்றி இடுப்பு திரும்பிய பிறகுதான் கை விடும். சுவிங்கும், அதாவது மட்டை வீச்சும், அதே வரிசைதான்: கிளப் மேலே போய் முடிவதற்குள் எடை இடது காலுக்கு மாறத் தொடங்கவேண்டும், பிறகு இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கை, கடைசியில்தான் கிளப் தலை. இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. டிரைவரைத் தலைகீழாகத் திருப்பி, தலைக்குக் கீழே தண்டைப் பிடித்துக் காற்றில் வீசுங்கள். 'விஷ்' என்ற சத்தம் வலது காதுக்குப் பக்கத்தில் கேட்டால் வேகத்தை முன்னாலேயே செலவழித்துவிட்டீர்கள். பந்து இருக்கும் இடத்திலும் அதைத் தாண்டியும் கேட்கவேண்டும், அது வரும்வரை வீசிக்கொண்டே இருங்கள். வயதானால் இடுப்பு அவ்வளவாகத் திரும்பாது என்பீர்கள், தெரியும். பேக்சுவிங்கில், கிளப்பைப் பின்னால் தூக்கும்போது, இடது குதிகாலைத் தூக்கிக்கொள்ளுங்கள், கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார், தப்பே இல்லை.

டீ, அதாவது பந்தை வைக்கும் சிறு குச்சி, அதன் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். பந்தில் பாதி டிரைவர் தலைக்கு மேலே தெரியவேண்டும், பந்து இடது குதிகாலுக்கு நேராக, வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து. கிளப் மேல்நோக்கி எழும்போது அடிபடட்டும். நம் பக்கம் மழை பெய்த ஃபேர்வேயில் (பந்து விழவேண்டிய வெட்டிய புல்தரை), அதுவும் கௌகிராஸ் என்ற அகல இலைப் புல் என்றால், பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது, உருண்டு போய்க் கிடைக்கிற தூரத்தை நம்பவே முடியாது. ஆகாயத்தில் போவதுதான் கணக்கு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் அண்ணே, முதலில் மையைப் பார்த்து நடுவில் பட வைப்பது, அது பிடிபட்ட பிறகு மற்றது. ஒரு வீடியோவும் எடுத்து அனுப்புங்கள், பின்னாலிருந்து, பந்து போகும் திசையைப் பார்த்து, போனைக் கை உயரத்தில் வைத்து எடுத்தால் கிளப் எந்தப் பாதையில் இறங்குகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.