கனவில் வந்த மெட்டு யாரைத் தேடி வந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பாடல் பிறப்பது தானாய் வரும் கணத்திலா, தேடி அமரும் உழைப்பிலா என்பது இன்றைய கேள்வி. நான் தேடலின் பக்கம் பேச வந்திருக்கிறேன். சான்றுகளை வரிசையாக வைக்கத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் அமரும் முன் வீசிவிட்டுப் போன ஒரு சொல்லுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். “நேரம் குறித்து மேசை முன் உட்கார்ந்து எழுதுவது பாட்டன்று, பற்றுவரவுக் கணக்கு, மெக்கார்ட்னி தூங்கினார், பாட்டு வந்தது, இவர்கள் விழித்திருந்து என்ன கண்டார்கள்?” என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதால், மீதியை நான் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி அப்போது லண்டனில் ஒரு வீட்டின் மாடியறையில் தங்கியிருந்தார். ஒரு நாள் காலை கண்விழிக்கும்போதே ஒரு மெட்டு முழுதாக அவர் காதில் நின்றது. கட்டிலை ஒட்டிப் பியானோ இருந்தது. எழுந்த கையோடு அதில் உட்கார்ந்து, எந்தெந்தச் சுரம் என்று விரல்களால் துழாவிப் பிடித்துக்கொண்டார். எதிரணித் தலைவர் சொன்னது இதுவரைதான். கட்டிலுக்கு அருகில் பியானோ ஏன் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. துழாவிய விரல்களுக்கு வழி எப்படித் தெரிந்தது என்றும் கேட்கவில்லை. மெக்கார்ட்னியின் தந்தை இளவயதில் ஜாஸ் குழு நடத்தியவர். வீட்டிலேயே பியானோ ஒலிக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 1957இல், பின்னாளில் பீட்டில்ஸ் தோழரான ஜான் லெனனைச் சந்தித்த பிறகு ஆண்டுக்கணக்கில் பாட்டுக் கட்டிப் பழகியிருந்தார். கனவில் வந்த மெட்டு அப்படிப் பழகிய காதைத் தேடித்தான் வந்தது.

கேளுங்கள், கதை இன்னும் முடியவில்லை. இவ்வளவு எளிதாக வந்தது நம்முடையதாக இருக்குமா, எங்கோ கேட்டதைத் திருடிவிட்டோமா என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. இசைத் துறையில் தெரிந்தவர்களிடமெல்லாம் வாரக்கணக்கில் வாசித்துக் காட்டி, “இதை முன்பே கேட்டிருக்கிறீர்களா?” என்று விசாரித்தார். யாரும் உரிமை கோரவில்லை. மெட்டு இருந்தது, வரிகள் இல்லை. சந்தம் கைவிட்டுப் போகாமலிருக்க, முட்டைப் பொரியலைக் குறிக்கும் ‘ஸ்கிராம்பிள்ட் எக்ஸ்’ என்ற டம்மிச் சொற்களைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். பீட்டில்ஸ் நடித்த ஒரு படத்தின் படப்பிடிப்புத் தளத்தில் அதையே ஓயாமல் வாசித்து இயக்குநரைச் சலிப்படைய வைத்தார். கடைசியில் 1965 மே மாதம் போர்ச்சுகலில் ஒரு நீண்ட கார்ப் பயணத்தின்போது, முட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் அதே மூன்று அசையோடு நேற்று என்று பொருள்படும் ‘யெஸ்டர்டே’ வந்து அமர்ந்தது. அடுத்த மாதம் பாடல் பதிவானது. தூக்கத்தில் வந்தது மெட்டு மட்டுமே. அது பாட்டானதற்குள் அத்தனை நாள் விழித்திருப்பு இருக்கிறது. கணக்கெழுதுவது போல என்று எதிரணி எள்ளிய வேலை இதுதான் என்றால், அந்த வேலையை நான் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

நடக்கப் போகும்போதும் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோன இசையமைப்பாளர் பீத்தோவனைப் பற்றியும், மனநிலை வரட்டும் என்று காத்திருந்தால் சோம்பல்தான் வரும் என்று 1878இல் கடிதம் எழுதிய ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியைப் பற்றியும் விரிவாகப் பேச விரும்பினேன். மணி அடிக்கப் போகிறார்கள். அதற்குள் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

மெக்கார்ட்னியின் தாய் மேரி 1956இல் புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு அப்போது வயது 14. நேற்றைய நாளுக்காக ஏங்கும் அந்தப் பாடலை எழுதியபோது அவர் தாயை நினைத்து எழுதவில்லை. பல்லாண்டுகள் கழித்துத்தான், தன்னையறியாமல் அம்மாவின் பிரிவையே பாடியிருக்கக்கூடும் என்று அவருக்குப் பட்டது. அழத் தெரியாமல் நின்ற ஒரு சிறுவனின் துயரம், ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்து, ஒரு காலைப் பொழுதில் மெட்டாக எழுந்திருக்கிறது. அதைக் கனவு என்று சொல்லுங்கள், உழைப்பு என்று சொல்லுங்கள். அவன் தன் அம்மாவை விடாமல் தேடிக்கொண்டிருந்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த அவையிலும் ஒருவர் இருப்பார். உயிருக்கு உயிரானவரை இழந்து, அதை எழுத உட்கார்ந்து, இரண்டு வரிக்கு மேல் நகராமல் தாளை மடித்து வைத்தவர். நடுவர் அவர்களே, “உனக்கு வரவில்லை, விட்டுவிடு” என்று அவரிடம் சொல்லும் தீர்ப்பைத் தந்துவிடாதீர்கள். மடித்த தாளை இன்றிரவே அவர் மறுபடி பிரிக்கும்படி எங்கள் பக்கம் தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.