கேட்டுப் பழகிய பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை கோடை விடுமுறையில் நாலைந்து வாரம் வெளிநாடு போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த நாட்டு மொழியையும் கலையையும் வாழ்க்கையையும் கற்றுக்கொண்டு திரும்புகிற பயணங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளையும் பெற்றோரையும் தயார்ப்படுத்துவதுதான் பல வருடங்களாக என் வேலை. சொல்ல நிறைய இருக்கிறது, நேரம் கொஞ்சம்தான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காகித வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். பல நாடுகளில் சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் 5 வருடத்தில் காலாவதியாகிவிடும். உங்களுடையதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்பதால் பிள்ளையுடையதற்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே போகும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கிற நாடுகள் ஏராளம். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் கேட்கின்றன. ஷெங்கன் விசா வாங்குவதாக இருந்தால் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அம்மா அப்பா இருவரும் உடன் வராத பயணம் என்பதால், இருவரும் கையெழுத்துப் போட்டு நோட்டரி சான்று வாங்கிய சம்மதக் கடிதம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். பெட்டியில் வேண்டாம், கைப்பையில்.

மருந்து விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை வழக்கமாக ஏதாவது மருந்து சாப்பிட்டால், அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று கிளம்புவதற்கு வெகு முன்பே விசாரியுங்கள். கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கிற, ஆம்ஃபெட்டமைன் அடங்கிய மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தாலும் முடியாது. சளி மாத்திரையில் சாதாரணமாக இருக்கும் சூடோஎஃபெட்ரினுக்குக்கூட அங்கே அளவு வரம்பு இருக்கிறது. அதனால் எந்த மருந்தானாலும் அதன் சொந்த அட்டையோடும் பெட்டியோடும், மருத்துவர் சீட்டோடும் போகட்டும்.

சரி, இனி நான் முக்கியமாகப் பேச வந்ததைச் சொல்கிறேன்.

பிள்ளைகளைக் குடும்ப வீடுகளில் தங்கவைத்து இன்னொரு நாட்டைப் பழக்குவது நேற்று வந்த யோசனை இல்லை. 1932-இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் இந்த நோக்கத்தோடு ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பு ஒன்று இருந்தது, அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ், சுருக்கமாக ஏஎஃப்எஸ் என்பார்கள். இரண்டாவது போரும் முடிந்த பிறகு, 1947-இல், அவர்கள் பள்ளிப் பிள்ளைகளை நாடு மாற்றிப் படிக்கவைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு போரையும் கண்ணால் பார்த்தவர்கள், ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்த வீட்டில் உட்காருவது இருக்கிறதே, பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதுதான் பெரிய வேலை. ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நன்றாகப் படிப்பான், மிகவும் மரியாதையான பிள்ளை. போய்ச் சேர்ந்ததும் அவனுக்கு ஒரு தனி அறை காட்டினார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், நன்றி சொல்வான், மறுபடி அறைக்குள் போய்விடுவான். இப்படியே சில நாள் போயிற்று. அவன் அம்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “அந்த வீட்டில் யாருமே என் பிள்ளையிடம் பேசுவதில்லையாம், திரும்ப வரவழைத்துவிடலாமா?” என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. அன்றைக்கே அந்த வீட்டு அம்மாவும் கூப்பிட்டார். “பையனுக்கு எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா?” என்று அவருக்குக் கவலை. இருவருக்கும் ஒரே துயரம்!

பையனிடம் பேசினேன். “கூப்பிடாமல் எப்படி அவர்கள் கூடத்துக்குப் போய் உட்காருவது?” என்றான். அவனுக்கு அது மரியாதை. அவர்களோ, களைத்து வந்த பிள்ளை தனிமை வேண்டும் என்று கதவைச் சாத்தியிருக்கிறான், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தார்கள். அவர்களுக்கு அது மரியாதை. இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் ஒரு கதவு. “நாளைக்குக் காலையில் ஒரே ஒரு கேள்வி கேள்: சாயங்காலம் நான் உங்களோடு வந்து உட்காரலாமா? அது போதும்” என்றேன். கேட்டான். அதற்காகத்தானே காத்திருந்தோம் என்றாராம் அந்த அம்மா. அடுத்த வாரம் அவனைக் கூப்பிட்டபோது, அந்த வீட்டுத் தாத்தாவோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். “அப்புறம் பேசலாமா, ஆட்டம் நடக்கிறது” என்றான்.

கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் இதைத்தான் விளக்கினார். எப்போது கைகுலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, யார் எதை உண்மையாகவே சொல்கிறார்கள், எதைச் சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் சொந்த ஊரில் யோசிக்காமலே தெரியும். இந்தச் சின்னச் சின்ன அடையாளங்கள் மொத்தமாக இல்லாமல் போகும்போதுதான் மனம் கலங்குகிறது என்றார். அவற்றை மறுபடி சேர்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி, கேட்பதுதான். வாய்விட்டுக் கேட்பது.

ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் இதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், போய்ச் சேர்ந்த அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்விகள். பல மொழிகளில் கிடைக்கிறது. உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்? அழுக்குத் துணியை எங்கே போடுவது, நானே துவைக்க வேண்டுமா? காலையில் எனக்குக் குளியலறை எத்தனை மணிக்கு? பசித்தால் நானே எடுத்துச் சாப்பிடலாமா? வீட்டில் நான் என்ன வேலை செய்ய வேண்டும்? சாயங்காலம் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? மொழி தெரியாதே என்று கவலைப்படுகிறவர்கள், இந்தக் கேள்விகளை ஒரு தாளில் இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். தாளை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

ஆனால் அந்தத் தாளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டில் எல்லாவற்றையும் பிள்ளைக்காக நாமே கேட்டுவிடுகிறோம். மருத்துவரிடம் நாம் பேசுகிறோம், வங்கியில் நாம் பேசுகிறோம், பள்ளியிலும் நாம்தான். கிளம்புவதற்கு முன்பு இரண்டு மாதமாவது இதை மாற்றிப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் அவளே சொல்லட்டும். திட்டம் நடத்துகிற அமைப்புக்குத் தன் சந்தேகங்களை அவனே எழுதிக் கேட்கட்டும். தெரிந்தவர் வீட்டில், நீங்கள் இல்லாமல், இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வரட்டும். கேட்டுப் பழகாத பிள்ளைக்கு வெளிநாட்டில் திடீரென்று வாய் வராது. திரும்பவும் சொல்கிறேன், தெரிந்தவர் வீட்டில் இரண்டு மூன்று நாள் தங்கிப் பழகட்டும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளின் வீட்டு ஏக்கத்தை ஆராய்ந்த தர்பரும் வால்டனும் 2007-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலும், முன்கூட்டியே பிரிந்திருந்து பழகுவதை வலியுறுத்துகிறார்கள். போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள், இது பெற்றோருக்கு: “பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் போடு, உடனே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் உன்னால் முடியாது என்று நாம் நினைப்பதாகத்தான் பிள்ளை காதில் விழும். ஏக்கம் வரும், வந்தால் தவறில்லை, அதைத் தாங்கிக்கொள்ள இன்னின்ன வழி இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். பாதுகாப்புக்குக் கேடு என்றால் அது வேறு விஷயம். அப்போது உடனே யாரைக் கூப்பிட வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்: அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளர் எண், அப்புறம் அந்த நாட்டின் அவசர எண். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவில் 911, ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. போனில் மட்டும் இல்லாமல் தாளிலும் எழுதியிருக்கட்டும்.

வீடியோ அழைப்பைத் தினமும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்களோடு பேசினால், அந்த ஒரு மணி நேரம் அந்த வீட்டுக்காரர்களோடு பேசாத நேரம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் போதும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெட்டி அடுக்குவது பற்றி நிறைய வைத்திருந்தேன், இரண்டே விஷயம் சொல்கிறேன். மின்சாரம் ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. போன் சார்ஜர் பெரும்பாலும் எல்லாவற்றையும் தாங்கும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். தலைமுடி உலர்த்தும் கருவி அப்படி இல்லை, அதை விட்டுவிட்டுப் போகட்டும். பவர் பேங்க், விமானத்தில் ஏற்றி அனுப்புகிற பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான், அதுவும் அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நன்றி, வணக்கம்.